பனிக்காலச் சோர்வு

சென்னையில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என்று தில்லியிலிருந்து வரும் உறவினர்கள் நம்மைக் கேலி செய்வதுண்டு. கேலியில் நியாயமும் இல்லாமல் இல்லை. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் கூட இந்நகரின் வெப்பநிலை இருபது, இருபத்தொரு பாகைக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அரிது. நுங்கம்பாக்கத்து வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த அளவே 13.9 பாகைதான். அதுவும் 1895 டிசம்பரில் ஒரு முறையும், 1905 ஜனவரியில் ஒரு முறையும் பதிவானது. ஆயினும் மயிலாப்பூர் மாட வீதிகளில் டிசம்பர் பிறந்ததும் குரங்குக் குல்லாவும் கழுத்துத் துண்டுமாகப் பெரியவர்கள் நடமாடத் தொடங்கிவிடுகின்றனர். மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்துக் காவலாளி, இரவில் காதை மூடிக் கட்டிய துண்டைக் காலை ஒன்பது மணிக்குத்தான் அவிழ்க்கிறார்.

குளிரைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அந்நாட்களில் உடலில் வந்து படியும் அசதியை அப்படிச் சிரித்துத் தள்ள முடிவதில்லை. காலையில் எழ மனம் வருவதில்லை. பிற்பகலில் கண் சொக்குகிறது. அஸர் தொழுகைக்குப் பின் அடுப்படியில் நிற்கவே அலுப்பாக இருக்கிறது. யாரைக் கேட்டாலும், "குளிர்காலமல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்பதே பதில். இந்த ஒரே பதிலில் பல வேறு காரணங்கள் மறைந்து கிடக்கின்றன என்பதே, பல ஆண்டுகளாக நான் கண்டும் கேட்டும் அறிந்தது. அவற்றுள் சிலவற்றுக்கு மருந்தே வேண்டாம். சிலவற்றுக்கோ கஷாயமும் சூப்பும் போதா.

முதலில் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலை நாடுகளில் குளிர்காலம் வந்தால் பலருக்கு மனச்சோர்வும் தூக்கமும் மிகுதியாகின்றன என்பதை அமெரிக்காவில் நார்மன் ரோசன்தால் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1984ஆம் ஆண்டில் ஒரு நோயாகவே விவரித்தனர். லண்டனில் டிசம்பர் மாதத்துப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. நமக்கோ ஆண்டின் மிகச் சிறிய பகலும் பதினொரு மணி இருபது நிமிடம் நீள்கிறது. ஜூன் மாதத்தைவிட ஒன்றரை மணி நேரமே குறைவு. ஆகவே அந்நாட்டு நோயை அப்படியே எடுத்து நம் தலையில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பின் நமக்கு வெளிச்சம் எங்கே குறைகிறது? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வானத்தை மூடிவைக்கிறது. மழை விட்டால் கொசு. ஆகவே சன்னல்களையும் சாத்திவிடுகிறோம். தியாகராய நகரின் உட்தெருக்களில் ஒரு வீட்டின் சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டின் சுவர்தான் தெரியும். அங்கே நடுப்பகலிலும் குழல்விளக்கு எரிகிறது. அவ்விளக்கு தரும் ஒளி நூறு, இருநூறு, மிஞ்சினால் முந்நூறு லக்ஸ். வெளியே வானம் மூடியிருக்கும் நாளிலும் பல ஆயிரம் லக்ஸ் ஒளி உண்டு. நம் கண்ணுக்கு இரண்டும் வெளிச்சமே. உடலுக்குள் ஓடும் கடிகாரத்துக்கு அப்படியல்ல. அக்கடிகாரம் செல்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்தமைக்காகவே 2017இல் மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. காலை ஒளி கண்ணில் பட்டால்தான் அது நேரத்தைச் சரி செய்துகொள்கிறது. படாத நாட்களில் இரவில் தூக்கம் பிந்துகிறது. காலையில் விழிப்பும் பிந்துகிறது.

சுபுஹுக்குப் பள்ளிவாசல் சென்று திரும்பும் ஆண்களுக்கு, திரும்பும் வழியில் சிறிது நடந்தாலே இந்த ஒளி கிடைத்துவிடுகிறது. ஜனவரியின் பிற்பகுதியில் சென்னையில் சூரியன் ஆறரை மணிக்கும் சற்றுப் பிந்தியே உதிக்கிறது. ஆண்டிலேயே மிகத் தாமதமான உதயம் அப்போதுதான். ஐந்தேகாலுக்குப் பஜ்ர் நேரம் தொடங்கினால், தொழுகை முடிந்து ஒரு தேநீரும் அருந்திவிட்டு வெளியே வர வெளிச்சமும் வந்துவிடும். வீட்டிலிருக்கும் பெண்களுக்கோ இந்த வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. அந்த நேரத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாடு, கணவரின் அலுவலகச் சாப்பாடு, குடிநீர் பிடித்தல் எல்லாம்.

அவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. துணி உலர்த்தப் போவதை வெறும் வேலையாக எண்ணாமல், பதினைந்து நிமிடம் கூடுதலாக அங்கே நின்றுவிட்டு வரலாம். இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் குறிப்பிட வேண்டும். "காலை இளவெயிலில் வைட்டமின் டி இருக்கிறது" என்று எல்லோரும் சொல்வர். காலை ஏழு மணி வெயில் தூக்கக் கடிகாரத்துக்கு நல்லது. வைட்டமின் டி உண்டாக அது அநேகமாக உதவாது. அதற்குரிய கதிர், சூரியன் உயர எழுந்த பிறகே, அதாவது காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரையில்தான், நம்மை வந்தடைகிறது. கண்ணாடிச் சன்னலுக்குள் உட்கார்ந்து காய்ந்தாலும் பயனில்லை. அக்கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வெளியே செல்லும்போது பர்தா அணியும் நம் பெண்களுக்கு, சுற்றுச்சுவர் உயர்ந்த, அயலார் பார்வை படாத மாடியில் முகமும் முன்கையும் வெயில் படப் பதினொரு மணிக்குச் சற்று நேரம் இருப்பது மிகவும் ஏற்றது. கோடையில் அந்நேரத்தில் மாடியில் கால் வைக்க முடியுமா? டிசம்பரிலும் ஜனவரியிலும் முடியும். சென்னைக் குளிர்காலத்தின் பெரிய அனுகூலமே இதுதான்.

இவ்வளவு வெயில் கொட்டும் ஊரிலும் வைட்டமின் டி குறைவானவர்கள் ஏராளம். குறைவு மிகுந்தால் எலும்பும் தசையும் வலிக்கும். மாடிப்படி ஏறுவது பாரமாகும். மருத்துவர் எழுதித் தருவது பெரும்பாலும் வாரம் ஒன்றாக உண்ணும் அறுபதாயிரம் அலகு மருந்து. அதை அவர் சொன்ன வாரங்களோடு நிறுத்திவிட வேண்டும். "பக்கத்து வீட்டு மாமிக்கு நன்றாகக் கேட்டது" என்று மாதக்கணக்கில் தாமாக வாங்கி உண்பவர்களை நான் அறிவேன். அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகத்துக்குத் தீங்கு வரும்.

நடப்பதற்கு நம் பகுதியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. லஸ்ஸில் உள்ள நாகேசுவர ராவ் பூங்கா, அமிர்தாஞ்சனம் என்னும் தலைவலித் தைலத்தை நமக்குத் தந்த காசிநாதுனி நாகேசுவர ராவின் பெயரைத் தாங்கியது. தைலம் தேவைப்படாமல் இருக்கவும் அவரே வழி செய்துவைத்தார் போலும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு! தியாகராய நகரில் நடேசன் பூங்காவும் பனகல் பூங்காவும் உள்ளன. 2019இல் பாண்டி பஜாரின் நடைபாதைகள் அகலப்படுத்தப்பட்ட பின், கடைகள் திறக்குமுன் அங்கே நடப்பதும் இன்பமாக இருக்கிறது. அடையாற்றுப் பக்கத்தவர்க்குப் பெசன்ட் நகர்க் கடற்கரை. பர்தாவுடன் இருவர் மூவராகச் சேர்ந்து நடக்கும் சகோதரிகளை இப்போது நாகேசுவர ராவ் பூங்காவில் அடிக்கடி காண்கிறேன். முன்பு இவ்வளவு பேர் இல்லை. வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடம் சற்று விரைந்து நடந்தால் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் தரும் அளவு. ஒருநாள் மழையென்றால் மறுநாள் ஈடு செய்யலாம். போகி அன்று காலை மட்டும் வெளியே நடக்க வேண்டாம், குறிப்பாக இளைப்பு உள்ளவர்கள். 2018ஆம் ஆண்டுப் போகியன்று எழுந்த புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க இயலாது போயின. நுரையீரலின் கதியைச் சொல்ல வேண்டுமா?

அசதியுற்றவர் நடந்தால் மேலும் அசதி வராதா என்று கேட்பர். முதல் நான்கைந்து நாட்கள் அப்படித்தான் தோன்றும். பிறகு இரவில் தூக்கம் ஆழமாகும். அந்தத் தூக்கத்தில்தான் மறுநாளின் தெம்பு இருக்கிறது.

தூக்கத்தைப் பொறுத்தவரை நம் தொழுகை நேரங்களே குளிர்காலத்துக்கு ஒரு நல்ல கால அட்டவணையைத் தந்துவிடுகின்றன. டிசம்பரில் ஏழு மணியளவில் இஷா நேரம் வந்துவிடுகிறது. எட்டரைக்குள் உணவை முடித்துப் பத்து மணிக்குப் படுத்தால், ஐந்தரை மணி சுபுஹு ஜமாஅத்துக்கு எழுந்தாலும் ஏழு மணி நேரத் தூக்கம் நிச்சயம். ஜூன் மாதத்தில் இது இயலாது. அப்போது இஷா பிந்தும், பஜ்ர் நாலரைக்கு முன்பே வந்துவிடும். இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் இன்று பேச்சு கூட இல்லை. வீட்டில் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியை ஏந்திக்கொண்டு நள்ளிரவு வரை அமர்ந்திருக்கிறோம். காலையில் எழும்போது பாரம் தெரிந்தால் பழி மார்கழிப் பனியின் மேல்!

உணவுக்கு வருவோம். குளிர்காலம் குளிர்ச்சியும் ஈரமும் உடையது, ஆகவே உடலுக்குச் சூடு தரும் உணவு தேவை என்பது யூனானி மருத்துவத்தின் பழைய கொள்கை. பருவங்கள் உடலை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைப் பற்றி இப்னு சீனா (980–1037) விரிவாகவே எழுதியுள்ளார். அவர் பிறந்ததோ பனி உறையும் புகாரா நாட்டில். அங்கும் தில்லியிலும் லக்னோவிலும் பொருந்துகின்ற நெய் மிதக்கும் நிஹாரியும் கேரட் அல்வாவும், இருபத்தொரு பாகைக் குளிரில் மின்தூக்கியில் ஏறி இறங்கும் மந்தைவெளிவாசிக்கு எதற்கு? விருந்துக்கு உண்ணலாம், மறுப்பதற்கில்லை. "குளிருக்கு வேண்டும்" என்று வாரத்துக்கு மூன்று முறை உண்டால் வரும் மந்தத்தையும் குளிர் என்றே கணக்கெழுதிவிடுகிறோம்.

நம் ஊருக்கு ஏற்ற பொருட்கள் இந்தப் பருவத்திலேயே, மலிவாகவே வருகின்றன. தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகளில் மொச்சையும் நெல்லிக்காயும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் குவிந்து கிடக்கும். பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கும் வரும். வேகவைத்த பனங்கிழங்கில் நார் மிகுதி. மெல்ல மெல்லச் செரித்துப் பசியைத் தள்ளிவைக்கும். மொச்சை போட்ட மீன்குழம்பு எங்கள் வீட்டில் தை மாதத்து வழக்கம். மீனில் மத்தியும் கவலையும் விலை குறைந்தவை, சத்து நிறைந்தவை. வைட்டமின் டி உணவிலிருந்து கிடைக்கும் ஒரு சில வழிகளில் இத்தகைய எண்ணெய் மீன்களும் ஒன்று. கவலை என்று பெயர் வைத்ததாலோ என்னவோ, நொச்சிக்குப்பம் மீன் அங்காடிக்குப் போகும் பலர் அதைத் திரும்பிப் பாராமல் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டு மயங்கி நிற்கின்றனர்.

கச்சேரி சாலையில் 1885 முதல் இருந்துவரும் டப்பா செட்டி கடையைப் போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் சுக்கு, மிளகு, திப்பிலி, கொத்தமல்லி விதை எல்லாம் கிடைக்கும். மாலையில் இரண்டாம் தேநீருக்குப் பதிலாகச் சுக்குமல்லிக் காப்பி அருந்துவது நல்ல பழக்கம். அதில் தூக்கத்தைக் கெடுக்கும் காபீன் இல்லை, தொண்டைக்கும் இதம். ஆனால் அதில் போடும் பனங்கற்கண்டும் சர்க்கரையே என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறத்தலாகாது. தண்ணீரையும் மறக்கிறோம். குளிர்ந்த நாட்களில் தாகம் தோன்றுவதில்லை. ஒரு பகல் முழுதும் இரண்டு குவளை நீரோடு கழித்துவிட்டுத் தலைவலி என்று படுப்பவர்கள் உண்டு.

இவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் சோர்வு போகாதவர்கள் இருக்கின்றனர். அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுத எண்ணினேன்.

என் தங்கை தியாகராய நகரில் இருக்கிறாள். வயது முப்பத்தெட்டு, இரண்டு பிள்ளைகள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதத்தில், "லாத்தா, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது" என்று தொலைபேசியில் சொன்னாள். மழைக் குளிர் என்றார் அவள் மாமியார். எங்கள் உம்மா ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்தனுப்பினார். வாரம் இருமுறை சூப்பு வந்தது. பேரீச்சம்பழமும் தேனும் வந்தன. டிசம்பர் போய் ஜனவரி வந்தது. அவள் பகலிலும் படுக்கத் தொடங்கினாள். "இந்தக் காலத்துப் பெண்களுக்கு உடம்பு வணங்குவதில்லை" என்ற சொல்லும் காதில் விழத் தொடங்கியது. அந்தச் சொல் அவளை நோயைவிட அதிகம் வாட்டியது. பிப்ரவரியில் வெயில் ஏறியும் அசதி இறங்காததைக் கண்டு இரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். எட்டுக்குக் கீழே போனால் அது கடுமையான இரத்தசோகை. மாதவிலக்கின்போது அளவு மீறிப் போய்க்கொண்டிருந்ததை அவள் யாரிடமும், என்னிடமும் கூடச் சொல்லவில்லை. கூச்சம்!

இது ஏதோ ஒரு வீட்டின் கதையன்று. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஒரு கல்யாண வீட்டின் பெண்கள் பந்தியில் பாதிப்பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இவர்களுள் எத்தனை பேர் "குளிர்", "வயது", "சோம்பல்" என்ற பெயர்களைச் சுமந்துகொண்டு நிற்கின்றனரோ!

கால் சூப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. சளிக்கும் வாய்க்கும் அது இதமானது. ஆனால் எலும்பிலிருந்தும் சவ்விலிருந்தும் இறங்கும் அந்தப் பிசினில் இரும்புச் சத்து மிகக் குறைவு. அதன் புரதமும் முழுமையானதன்று. இரும்பு வேண்டுமென்றால் அதே கசாப்புக் கடையில் ஈரலும் சுவரொட்டியும் கேளுங்கள். மண்ணீரலுக்குச் சுவரொட்டி என்று பெயரிட்ட நம் முன்னோர், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அதை மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தது வெறும் வழக்கத்துக்காகவன்று. கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை மிகுதியாக உண்ணலாகாது. அதிலுள்ள வைட்டமின் ஏ கருவுக்கு ஆகாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகளில் உள்ள இரும்பு உடலில் எளிதாகச் சேர்வதில்லை. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடுதலாகச் சேரும். பேரீச்சம்பழத்தில் இரும்பு உண்டு. நாலைந்து பழத்தில் கிடைப்பது சொற்பம். வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்றும், ஆணுக்கு 19 போதும் என்றும் நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்திருக்கிறது. ஆனால் வீட்டில் ஈரல் வறுத்தால் அது முதலில் யார் தட்டில் விழுகிறது?

தேநீரை உணவோடு அருந்துவது பெரிய இடையூறு. தேநீரின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. காலைப் பலகாரத்தோடு ஒன்று, பகலுணவு முடிந்த கையோடு ஒன்று என்பது நம் வீடுகளின் பழக்கம். ஒரு மணி நேரம் தள்ளி அருந்தினால் போதும்.

இரத்தசோகை முற்றியபின் உணவு மட்டும் போதாது. தங்கைக்கு மருத்துவர் இரும்பு மாத்திரை தந்தார். பெரும்போக்குக்கும் தனியே சிகிச்சை செய்தார். மலம் கறுத்தது; சற்று மலச்சிக்கலும் வந்தது. இவை அம்மாத்திரையால் பலருக்கும் வருபவையே, பயந்து நிறுத்திவிடலாகாது. இரத்த அளவு சரியான பின்னும், உடலின் சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் தொடர வேண்டியிருந்தது. மாத்திரைப் புட்டியைச் சிறு பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கச் சொன்னார்; மிட்டாய் என்று எண்ணி நாலைந்தை விழுங்கினால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

நீரிழிவும் முதலில் அசதியாகவே தலைகாட்டும். 2023இல் வெளியான ஆய்வொன்றின்படி நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளாகியுள்ளனர். தைராய்டுச் சுரப்பு குறைந்தவர்களுக்குக் குளிர் மற்றவர்களைவிட அதிகமாக உறைக்கும்; அதையும் பருவத்தின் மேல் போட்டுவிடுவது எளிது. மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் வந்து போனவர்களுக்கு வாரக்கணக்கில் களைப்பு நீடிப்பதுண்டு. மூன்று வாரம் நன்றாக உறங்கி, உண்டு, நடந்தும் தெம்பு திரும்பவில்லையானால் இரத்தத்தைப் பரிசோதித்துவிடுவது நல்லது. செலவும் பெரிதன்று, அரசு மருத்துவமனைகளில் அதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ரமலான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னேறி மீண்டும் குளிர்காலத்துக்குள் வந்துகொண்டிருக்கிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு ரமலானும், டிசம்பர் இறுதியில் இன்னொன்றும் தொடங்கும். சென்னையில் அந்நாட்களின் நோன்பு பன்னிரண்டரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஜூனில் வரும் நோன்போ பதினான்கு மணி நேரத்துக்கு மேல். தாகமும் குறைவு. பாசிப்பருப்பும் வெந்தயமும் கொத்துக்கறியும் சேர்ந்த நோன்புக் கஞ்சி அப்பருவத்துக்கு மிகப் பொருத்தமானது. அதன் பக்கத்தில் அடுக்கும் எண்ணெய்ப் பலகாரங்களைத்தான் குறைக்க வேண்டும். இரும்பு மாத்திரை உண்பவர்கள் மஃரிபுக்கும் சஹருக்கும் இடையில், தேநீர் கலவாத நேரமாகப் பார்த்து, எலுமிச்சைச் சாற்றோடு உண்ணலாம். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் ரமலான் பிறைக்கு ஒரு மாதம் முன்னரே மருத்துவரைக் கண்டு வேளைகளை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பிறை பார்த்த இரவில் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்.